சார் இல்லீங்க

வித்யா அக்கா, சார் அன்று முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மாதம் ஒருமுறை எல்லோரும் போவதுதானே.

நீங்கள் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டீர்கள். “சந்தானகிருஷ்ணன் சார் இருக்காரா?” “சார் இல்லீங்க” என்றேன். குடவாசலில் அதற்கு முதல் அர்த்தம், கடைத்தெருப் பக்கம் போயிருக்கிறார் என்பது. ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருடமானதால் உங்களுக்கு இரண்டாவது அர்த்தம்தான் முதலில் பட்டது.

“எப்பப்பா?” என்று அழுதீர்கள்.

“இப்பத்தாங்க. அரை மணி நேரம் இருக்கும்.”

அதுவும் உண்மைதான். திருத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், “சாருக்கு டிக்கெட் எடுத்துட்டேன் தம்பி. இனிமே என்கூடவே வச்சுக்கலாம்னு இருந்தேன்” என்றீர்கள். வாயை மூடிக்கொண்டேன்.

சாரிடம் என்னோடு வயலின் படித்த ஏழு பேரும் சிங்கப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். கல்லூரி விட்டு வந்தால் “கிளாட்சன், வந்தியாடா?” என்று கேட்க ஊரில் மிச்சமிருந்தது ஒரே குரல். அதையும் விமானத்தில் ஏற்றிவிட மனம் வரவில்லை.

சார் வீட்டுப் போன் வயரை அன்றே பிடுங்கினேன். எலி கடித்துவிட்டது என்றேன். சார் எலியைத் திட்டினார்.

பிறகு நீங்கள் அவர் பெயரில் நினைவு நிதி தொடங்கி, என்னையே உள்ளூர்ச் செயலாளர் ஆக்கினீர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய தோடி ராகத்தைப் பற்றி நீங்கள் பேசிய எட்டுப் பக்கமும் வந்தது. நல்ல பேச்சு. நான் அதைப் படித்த அன்று சார் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

திருப்பனந்தாள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வருடாவருடம் வயலின்கள் அனுப்பினீர்கள். என் வீட்டில் இடமில்லை. சார் வீட்டில்தான் இறக்கினேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெட்டிமேல் பொன்னெழுத்தில் இருந்த தன் பெயரைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“யாருடா வாங்கித் தரா?”

“செத்துப்போன வாத்தியார் ஒருத்தர் பேர்ல, அவர்கிட்ட படிச்சவங்க சேர்ந்து தர்றாங்க சார்.”

“குடுத்துவச்சவன். எனக்கும் ஒருத்தி இருக்காளே, வித்யா. ஒரு கடுதாசிக்காவது பதில் போட்டாளா?”

எல்லா வயலினுக்கும் அவரே சுருதி சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். தபாலில் சேர்க்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். பார்வை வந்தால் பெட்டியைப் படித்துவிடுவார். “டாக்டர் லீவாம் சார்” என்றேன். டாக்டர் நான்கு முறை லீவில் போனார்.

இந்த ஐப்பசியில் வாய்க்கால் நிரம்பி ஓடியது. படித்துறையில் கடைசிப் படி எது என்று சாருக்குத் தெரியவில்லை.

நான் அனுப்பிய இறப்புச் சான்றிதழில் உள்ள தேதி, நீங்கள் படத்துக்கு மாலை போட்ட தேதிக்கு மூன்று வருடம் பிந்தியிருக்கிறதே என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். சான்றிதழில் தவறில்லை. உங்களுக்கு அவரைச் சாகடித்தது நான். அவருக்குக் கண் வராமல் செய்ததும் நான். அந்தப் படியில் அவர் கால் தவறியதற்கும் நான்தான் பொறுப்பு. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் அந்த மூன்று வருடத்தில் சாரைத் தேடி உங்களில் ஒருவர்கூட வரவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அக்கா.