மத்தி எண்ணெயில் ஊறிய மூடி

எங்கள் விருத்தாசலத்தில் கையில் ஒரு கப்பைக் கொடுத்தால் முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் டீ குடிப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. சத்தம் அமுங்கினால் விரிசல். நேற்று நீங்கள் டீ கொடுத்தபோது நானும் சுண்டினேன், இன்ஸ்பெக்டர் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீங்கான் கம்பெனியில் இருப்பவனுக்குக் கை தானாகப் போகும். என் தங்கை புருஷன் ராஜாங்கத்துக்கும் அப்படித்தான்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. குடிக்க மாட்டான், நல்ல பையன். அனுசியாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயேதான் இருந்தான். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். அவளுக்காகக் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான்.

ராஜாங்கத்துக்கு மீன்பிடிப் பித்து. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் அவனுக்குத் தெரிந்தவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்டு எடுத்துக்கொள்ள விடுவார். பாட்டிலுக்குள் பல்பு, வயர் நனையாமல் இருக்க, பாட்டில் வாயில் நான் செய்துகொடுத்த பீங்கான் மூடி, மூடியைச் சுற்றி மத்தி மீன் எண்ணெயில் தோய்த்த துணி. பண்ணையை ஒட்டிய கழியின் உப்புத் தண்ணீரில் பாட்டிலை இறக்கினால் வாசனைக்குப் பொடிமீன் வரும், வெளிச்சத்தில் மயங்கி நிற்கும், அதைத் தின்னக் கொடுவா மீன் வரும். ராஜாங்கம் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்பான். கரையில் நான் ஸ்விட்சைப் போடுவேன்.

இந்தத் தை மாதம் அந்தப் பண்ணையிலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் உண்டாம்.

"அண்ணா, நாங்க அங்கயே போயிடலாம்னு இருக்கோம். நீங்க மாசம் ஒரு தபா வந்துட்டுப் போங்க" என்றாள் அனுசியா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்புக் காற்று அவளுக்கு ஆகாது சார், சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அதையெல்லாம் யோசிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

புதுசாக ஒரு மூடி செய்தேன். பக்குவமாகச் சுட்டேன், மேலே கிளேஸ், அதுதான் அந்தக் கண்ணாடிப் பூச்சு, மட்டும் போடவில்லை. கிளேஸ் இல்லாவிட்டால் அது தண்ணீர் குடிக்கும். பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவானே என்று மத்தி எண்ணெயில் ஊறப்போட்டேன். கிளேஸ் போட்ட மாதிரியே மினுங்கியது. ராஜாங்கம் வாங்கிச் சுண்டினான். விரிசல் இல்லை, கணீரென்றது. அதோடு திருப்தியாகிவிட்டான்.

"வாசனைய மூடியிலயே வெச்சிட்டீங்களே மச்சான், கில்லாடிதான் நீங்க."

நல்ல வேலைதான் அது, அவன் சொன்னதில் பொய்யில்லை. எண்ணெய் கசியக் கசிய, அது விட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி வயருக்குப் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை இறக்கிய பிறகு அவனைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நிற்கவைத்தேன். வாசனை பரவட்டும் மாப்ளே என்றேன். எதிலும் அவசரப்படுகிறவன் இல்லை நான்.

"போதும் மச்சான், குளுருது. போடுங்க."

அவன் கேட்டதால்தான் போட்டேன். கத்தக்கூட இல்லை, வலை மட்டும் கையை விட்டுப் போனது. சாய்ந்தபோது முகம் என் பக்கம்தான் இருந்தது. பதற்றத்தில் அணைக்க மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன் இல்லையா, அது பொய். மறக்கவில்லை. அவன் அசைவு நின்ற பிறகு அணைத்தேன்.

பக்கத்தில் ஒரு கொடுவாவும் மல்லாந்து மிதந்தது. இறங்கி மீனை எடுத்துக்கொண்டேன். அவனை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அனுசியா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவரு எங்கண்ணா?"

"பின்னாடி பஸ்ஸுல வரான். நீ மீன ஆக்கும்மா."

குழம்பு கொதித்து இறங்கியது. நடுத்துண்டை அவனுக்கென்று எடுத்து வைத்தாள். அவரு வந்துடட்டுமே என்றாள். வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டுப் பட்டினி கெடக்காத என்று அதட்டி, அந்த நடுத்துண்டையே முள் எடுத்து அவள் தட்டில் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள். கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். வெறும் வயிற்றோடு கேட்டால் தாங்க மாட்டாள் சார். அவள்மேல் அந்த அக்கறை இனி வேறு யாருக்கு இருக்கிறது?