கேட்காமல் திறந்த கதவுகள்

அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்தேன். நாற்காலி சரியில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருத்தன் வரிசையாகக் கொலை செய்துகொண்டே போகிறான், போலீஸுக்கு அகப்படவில்லை. வேலைவெட்டி இல்லாத நாலு பேர் சேர்ந்து அவனைத் தேடுகிறார்கள். கொலைகாரன் எந்நேரமும் மழையில் நனைந்துகொண்டே நிற்கிறான். ஒரு குடை வாங்கவா வக்கில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "மாமா, பேசாம படத்தைப் பாருங்க" என்றார். இடைவேளையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உங்களை ஐயா என்று கூப்பிடச் சொல்கிறார் வாசலில் நிற்கும் போலீஸ்காரர். உங்களுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தம்பி என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. யாரையும் நம்பி நான் எதிலும் கை வைப்பதில்லை.

மாப்பிள்ளை தியேட்டரிலிருந்து திரும்பியபோதே துப்பறிவாளர் ஆகியிருந்தார். நம் ஊரிலும் அப்படி ஒருவன் அகப்படாமல் இருந்தான் அல்லவா. தனியாக வீட்டில் இருந்த ஐந்து பேர், பட்டப்பகலில். பூட்டு உடையவில்லை, பொருள் எதுவும் போகவில்லை. "நாமளே பிடிச்சிடலாம் மாமா" என்றார். பிடியுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊர்க்காரர் கண்ணையெல்லாம் சோதித்து அனுப்புவார். அவர் கூட்டாளிகள் இரண்டு பேர். கீழ் வீட்டு டியூஷன் டீச்சர் ஒருத்தி. உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் பயில்வான் ஒருவன். ஆள் தேக்குக்கட்டை மாதிரி இருப்பான், பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வான். லீவு நாளானால் எங்கள் கூடத்தில்தான் கூட்டம். டீ போட்டுக் கொடுப்பது நான்.

"பால்கனி வழியாத்தான் ஏறியிருக்கான்" என்பான் பயில்வான். மூன்றாவது மாடிக்கு, பகலில், எல்லோரும் பார்க்க. "அவனுக்குச் சின்ன வயசுல அம்மா பாசம் கிடைச்சிருக்காது" என்பாள் டீச்சர். என் அம்மா தங்கமான மனுஷி. வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டேன்.

கதவைத் தட்டினான், அவர்கள் திறந்தார்கள். இவ்வளவுதான் விஷயம். இது அந்த மூன்று பேர் மூளைக்கும் எட்டவில்லை. படத்தில் அப்படி வரவில்லை போல.

நான் வாழ்நாளெல்லாம் கேஸ் சிலிண்டர் தூக்கி மாடி ஏறினவன். தட்டிய கதவுகளுக்குக் கணக்கில்லை. ஜனங்கள் எவ்வளவு அலட்சியம் என்று என்னைக் கேளுங்கள். தட்டினால் போதும், யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அகலத் திறந்துவிடுவார்கள். திறந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடப்பார்கள். எத்தனை பேரிடம் நயமாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, "அம்மா, கேட்டுட்டுத் திறங்கம்மா" என்று. சிரிப்பார்கள். "உங்களைத்தான் தெரியுமே" என்பார்கள். என்னைத் தெரியுமாம்.

வேலையில் இருந்தவரை சிலிண்டர் போட்ட வீடுகளில் ஒருவர் மேலும் கை வைத்ததில்லை. சோறு போடும் தொழில் அது. ஓய்வு பெற்ற பிறகுதான் இதற்கு நேரம் கிடைத்தது. யாருடைய காசுக்கும் நான் ஆசைப்படவில்லை. சிலிண்டர் தூக்கத் தோளில் போட்டிருந்த பழைய துண்டு ஒன்று, அவ்வளவுதான் என் சாமான். கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தால் திரும்பிப் படியிறங்கிவிடுவேன். அப்படி நான் இறங்கி வந்த வீடுகள் எவ்வளவோ. அவர்களெல்லாம் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒருதலையாக எழுதக்கூடாது.

என் மகளை நான் அப்படி வளர்க்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பழக்கினேன். வெளியே போய் நின்று தட்டுவேன். கேட்காமல் திறந்துவிட்டால் சாத்தச் சொல்லி மறுபடி தட்டுவேன். அழுவாள். அழட்டும், மறுபடி தட்டுவேன். அவள் அம்மா நேர்மாறு, யார் தட்டினாலும் "வாங்க வாங்க" என்று திறப்பாள். அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றுதான் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது உங்கள் ஐந்தில் வராது, விடுங்கள். மகள் ஒருத்திதான் எனக்கு இருக்கிற சொத்து. என்றைக்காவது மறதியாகத் திறந்துவிடுவாளோ என்பது ஒன்றுதான் என் கவலை.

போன லீவு நாளில் நடித்துப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. படத்திலும் செய்தார்களாம். டீச்சர் செத்துப்போகிறவள். பயில்வான் ஓரமாக நின்று கவனிக்கிறவன்.

"கொலைகாரன் யாரு?"

"மாமாதான் சும்மா இருக்காரே."

"அட போங்க சார், தாத்தாவைப் பார்த்தா பூனைகூட பயப்படாது."

நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினேன். டீச்சர் உடனே திறக்க வேண்டும், அதுதான் பேச்சு. ஆனால் என்ன நினைத்தாளோ, வாய் தவறி "யாரு?" என்றுவிட்டாள்.

நான் திரும்பிப் படியிறங்கிவிட்டேன்.

பாதிப் படியில் பயில்வான் வந்து பிடித்தான். "தாத்தா, எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் கொல்லவே இல்லையே."

"அதான் கேட்டுட்டாங்களே" என்றேன்.

"கேட்டா?"

"கேட்டா வந்துடணும்."

கூடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முந்தின வாரம் இதே டீச்சர்தான் சொன்னாள், செத்துப்போன ஒருவரின் பக்கத்து வீட்டு அம்மாள் தந்த தகவல் என்று. அன்றைக்கு அந்த அம்மாள் வீட்டுக் கதவையும் யாரோ தட்டினார்களாம். யாரு என்று கேட்டதும் பதில் இல்லை, படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டதாம். அது எதற்கும் உதவாது என்று மாப்பிள்ளை தள்ளிவிட்டார். அப்போதும் என் மகள் மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் மடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவள் கையில் அதே சட்டைதான் இருந்தது.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போய்த் திரும்பி வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தாம்மா, அப்பா."

கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன்.

"யாரு?"

"அப்பாம்மா. ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கேன்."

மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அது நானே மாட்டிக்கொடுத்த தாழ்ப்பாள், நல்ல கனம். மூன்றாவது முறையும் தட்டினேன். "யாரு நீங்க?" என்றாள், கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து. குரல் உடைந்திருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓடவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் ஒருமுறை கேட்காமல் திறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவள்தான் எப்போதும் கேட்பாளே. பிறகு அந்தக் கேள்வி எதற்கு?

ஐந்து பேரும் என் கையால் போனவர்கள்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறை தம்பி. அவள் போன் பண்ணி நீங்கள் வந்து, படியில் இருந்த என்னைத் தாண்டி மேலே போய்த் தட்டினீர்களே, அப்போதும் அவள் யாரு என்று சரியாகத்தான் கேட்டாள். "போலீஸ்" என்றீர்கள். உடனே தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். போலீஸ் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் சரிசெய்ய வேண்டும்.