லெம்யூலின் கை

மின்சாரம் எப்படியும் விடிந்துதான் வரும். இந்தப் பனிமழையில் ஊர் முழுக்கக் கம்பி அறுந்து கிடக்கிறது, நம் தெருவுக்கு மட்டும் ஓடிவந்து மாட்டுவார்களா என்ன? அடுப்பு எரிகிறது, காபி இருக்கிறது. நெருங்கி உட்காருங்கள். கிளியோத்தா, பேய் என்றால் உனக்குத்தான் சிரிப்பு வருமே, நீ கதவுப் பக்கம் போ.

"நான் எதுக்குடி கதவுப் பக்கம்? அங்க குளிரும்."

"குளிர் மட்டுந்தானா?"

சரி, இங்கேயே இரு. இது எனக்கு நடந்ததில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கிறாளே வெர்னிட்டா, அவளுடைய அக்கா ஐடெல்லாவுக்கு நடந்தது. வெர்னிட்டாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் அவளே சிரித்து மாட்டிக்கொள்வாள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

இரவு பதினொன்று இருக்கும்... மெம்பிஸை விட்டுத் தெற்கே வால்ஸுக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் ஆற்றங்கரை மேடு. மறுபக்கம் பருத்திக் காடு, பறித்து முடிந்து வெறும் குச்சிகள். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. தூறல். கண்ணாடியைத் துடைக்கும் கட்டை கீச்... கீச்... என்று போய்வருகிறது. ஐடெல்லா தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாள். புருஷனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண் சொருகிவிடக் கூடாதே என்று வானொலியைத் திருகினாள்.

அந்தப் பாட்டு வந்தது.

எந்தப் பாட்டு என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணங்களில் ஆடியிருக்கிறீர்கள். கிளியோத்தா இரண்டு கல்யாணத்தில் ஆடியிருக்கிறாள், இரண்டும் அவளுடையதே. தொடக்கத்தில் ஒரு கிட்டார் வருமே... கதவை லேசாகத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. அதுதான் லெம்யூல். ஐடெல்லாவின் புருஷன்.

பாடியவளின் படம் இசைத்தட்டின் அட்டையில் இருந்தது. எழுதியவன் பெயர் தட்டில் இருந்தது. கிட்டார் யார், டிரம்ஸ் யார் என்று எங்கேயும் ஒரு எழுத்துக் கிடையாது. அப்படித்தான் அப்போது. காலையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிடுவார்கள், போய் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவுக் கருவியோடு இருப்பவர் "இன்னும் ஒரு தடவை" என்றால் இன்னும் ஒரு தடவை. அவர் போதும் என்று சொல்லும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் லெம்யூலின் இடது கை விரல் மடங்காது. ஐடெல்லாதான் வெந்நீரில் முக்கி, வலித் தைலம் தேய்த்துவிடுவாள். கற்பூரமும் பச்சிலையும் கலந்த வாசனை. அவர்கள் வீட்டுத் தலையணை உறைவரைக்கும் அந்த வாசனைதான்.

ஒரு தடவை மீன் கடையில் கெளுத்தி வறுவல் சாப்பிடும்போது இந்தப் பாட்டு ஓடியதாம். பக்கத்து மேசைக்காரன் லெம்யூலின் தோளைத் தட்டி, "அண்ணே, இந்த கிட்டார் வாசிச்சவன் மனுஷனே இல்ல, தெரியுமா?" என்றிருக்கிறான். லெம்யூல், "அப்படியா தம்பி? அந்தக் கார சாஸைக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்றானாம். அவ்வளவுதான் அவன். ஐடெல்லாவுக்குத்தான் வயிறு எரியும். எந்த வானொலி நிலையத்தில் இந்தப் பாட்டைப் போட்டாலும் போன் போடுவாள். "பாடுனவ பேரைச் சொல்றீங்களே, என் வீட்டுக்காரர் பேரையும் ஒரு தடவை சொன்னா வாய் வெந்துருமா?" ஒருவரும் சொன்னதில்லை. அவன் பெயரை வானொலியில் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தாள். கேட்காமலே அவன் போய்விட்டான்.

அதனால் அன்றிரவு அந்தச் சாலையில் பாட்டு வந்ததும் அவளுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஒலியைக் கூட்டினாள்.

அப்போது வண்டிக்குள்... தைல வாசனை.

பழைய வாசனை இல்லை. அப்போதுதான் தேய்த்த வாசனை, கண்ணைக் கரிக்கிறது. அவள் கண்ணாடியை இறக்கினாள். ஈரக் காற்று வந்தது, வாசனை போகவில்லை.

இந்த மாதிரிப் பாட்டெல்லாம் எப்படி முடியும் என்று கவனித்திருக்கிறீர்களா? முடியாது. தேயும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சத்தத்தை மெல்ல மெல்ல இறக்கிவிடுவார். உள்ளே இவர்கள் வாசித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். அன்றைக்கும் பாட்டு தேய்ந்தது... தேய்ந்து... அறிவிப்பாளர் பேச வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்த நூலிழைச் சத்தத்துக்குள் ஒரு குரல்.

"டெல்லா... இன்னும் எத்தனை தடவை?"

வண்டி சாலையை விட்டு இறங்கிப் பருத்திக் குச்சியில் ஏறி நின்றுவிட்டது.

"ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதும்பாங்க," என்கிறாளே கிளியோத்தா. சரிதான். ஆனால் ஆசைப்பட்டு ஆடுவது வேறு, ஆட்டிவைப்பது வேறு. கேள்.

வீட்டுக்குப் போனாள். உடுப்பைக்கூட மாற்றவில்லை. அலமாரியில் இருந்த தட்டை எடுத்து வைத்தாள். ஊசி இறங்கியதும் வாசனை வந்துவிட்டது. பாட்டு முழுக்க நின்றுகொண்டே கேட்டாள். தேயத் தொடங்கியதும் ஒலிபெருக்கியின் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"கை எரியுது டெல்லா. போதும்னு சொல்லச் சொல்லு."

"யார்கிட்ட லெம்? யார்கிட்டச் சொல்லணும்?"

கர்... கர்... என்று தட்டின் உள்வளையத்தில் ஊசி சுற்றுகிறது. பாட்டு தீர்ந்துவிட்டது. பதில் வேண்டுமென்றால் மறுபடியும் போட வேண்டும். போட்டால் அவன் மறுபடியும் வாசிக்க வேண்டும். இது புரிந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். எங்கே யார் இந்தத் தட்டைச் சுழலவிட்டாலும், அங்கே ஒரு நாற்காலியில் அவன் உட்கார்ந்து, முதல் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

நானாக இருந்தால் அப்போதே தட்டை அடுப்பில் போட்டிருப்பேன் என்று சொல்வேன். ஆனால் செத்த புருஷனின் குரல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், உங்களில் யார் மறுபடியும் திறக்காமல் இருப்பீர்கள்? அவள் மனுஷிதானே. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று... போட்டுவிட்டாள்.

கடைசியில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"நீயுமா?"

அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. மற்றவர்களை என்ன செய்வது? மீன் கடைப் பாட்டுப் பெட்டியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கடைக்காரர் பாவம் என்று விட்டுவிட்டு, அவள் போன பிறகு மாட்டிக்கொண்டார். சிகை அலங்காரக் கடையில் பாட்டு வந்ததும் தலையில் சீப்போடு தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பையன் வண்டி கழுவும்போது போடுவான், எதிர்வீட்டில் துணி காயப்போடும்போது முணுமுணுப்பார்கள். எல்லோருக்கும் அந்தப் பாட்டு உயிர். "துக்கம் தலைக்கேறிடுச்சு," என்றார்கள். வெர்னிட்டாகூட முதலில் அப்படித்தான் நினைத்தாளாம். இத்தனை பேர் ஆசையாகக் கேட்பதை ஒருத்தி எப்படி நிறுத்துவாள்?

அந்தச் சமயத்தில்தான் பெர்சி போன் செய்தார். ஆற்றங்கரை மேட்டுப் பக்கம் பருத்திக் காட்டுக்குள் ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறதே, அங்கே இரவு நிகழ்ச்சி அவருடையது. தங்கமான மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கெட்டவர் ஒருத்தரும் இல்லை.

"அக்கா, எத்தனை வருஷமா எங்களைத் திட்டிட்டிருக்கீங்க! நியாயந்தான். வர்ற சனிக்கிழமை ராத்திரி பூரா, தட்டுல பேர் போடாம விட்ட ஆளுங்களுக்குத்தான். முதல் பேரு உங்க வீட்டுக்காரரு. அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடப்போறேன்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள்.

"போடாதீங்க பெர்சி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். பேரை மட்டும் சொல்லுங்க. பாட்டு வேணாம். அவருக்குக் கை வலிக்குது."

மிகவும் மெதுவாக, "புரியுதுக்கா," என்றார் பெர்சி. "எங்கம்மா போனப்போ நானும் இப்படித்தான் இருந்தேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவரு கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது."

சனிக்கிழமை இரவு. அவள் வானொலியை மூட்டையாகக் கட்டி முற்றத்தில் வைத்துவிட்டாள். பயனில்லை. இரண்டு பக்கத்து வீட்டிலும் அதே நிலையம். முதல் தடவை பாட்டு வந்தது. பெர்சியின் குரல் அவள் புருஷன் பெயரை முழுசாக, கணீரென்று சொன்னது. எத்தனை வருஷத்து ஆசை... காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் தைலம் நாறியது. இரண்டாம் தடவை. நிலையத்துக்குப் போன் போட்டால் ஓயாமல் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வழியாகக் கிடைத்ததும், ஒரு பெண் எடுத்தாள்.

"நிறுத்தச் சொல்லும்மா. நான் லெம்யூல் சம்சாரம் பேசுறேன்."

"ஐயோ, அம்மா நீங்களா! உங்களுக்காக இதோ இப்பவே அடுத்ததாப் போடச் சொல்றேன்!"

வைத்துவிட்டாள் அந்தப் பெண். சொன்னபடியே போட்டார்கள்.

ஐடெல்லா வண்டியை எடுத்தாள். மழை கொட்டுகிறது. சாலையில் ஈ காக்கா இல்லை. வண்டியின் வானொலியை அவள் திருகவே இல்லை, ஆனால் பாட்டு கேட்கிறது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள். கதவைத் தட்டி அனுமதி கேட்கும் அந்தக் கிட்டார் இப்போது தடுமாறுகிறது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்... அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பின்னால். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஊரே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நிலையத்தில் ஒரே ஒரு விளக்கு, சிவப்பு. கதவை இரண்டு கையாலும் அடித்தாள். பாட்டை ஓடவிட்டுவிட்டுப் பெர்சியே ஓடிவந்து திறந்தார். நனைந்து நின்ற அவளை அப்படியே கட்டிக்கொண்டார்.

"வருவீங்கன்னு மனசு சொல்லிச்சுக்கா."

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

அமைதி. மழை மட்டும். போன் பெட்டியில் அத்தனை விளக்கும் மினுக்கின.

ஊசி முனையில் வழக்கமாகச் சேரும் தூசிப் பஞ்சு. அதற்குள் ஏதோ மஞ்சளாக, மெல்லிசாக... எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஈரம். தோல். கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல்நுனித் தோல். லெம்யூல் கட்டிலில் உட்கார்ந்து பிய்த்துப் போடுவான், பெருக்கும்போதெல்லாம் அவள் திட்டுவாள். அவளுக்குத் தெரியாதா?

"பாருங்க பெர்சி. இதைப் பாருங்க."

பெர்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பழைய தட்டுக்கா. தூசி சேரத்தான் செய்யும்," என்று சொல்லி, அவள் கையிலிருந்ததை... ஃபூ. ஊதிவிட்டார்.

அவள் தட்டைப் பிடுங்கி மேசை விளிம்பில் அடித்தாள். இரண்டாக உடைந்தது. பெர்சிக்குக் கோபமே வரவில்லை. அவள் தோளை அணைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "அழுங்கக்கா, நல்லா அழுங்க. நிலையத்துல எதையும் ரெண்டாத்தான் வாங்கி வெச்சிருப்போம்." இரண்டாவது தட்டை எடுத்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். பால் குடிக்கும் பிள்ளையின் கையை விலக்குவதுபோல் விலக்கிவிட்டு, ஊசியை இறக்கினார்.

கிட்டார் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்குமே... அதில், சுட்ட கையைத் தண்ணீரில் வைக்கும்போது பல்லிடுக்கில் இழுப்போமே, அப்படி ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

பெர்சி அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டுவிட்டது. அவர் முகத்தில் அது தெரிந்தது. அன்றிரவு முழுவதிலும் அந்த ஒரு நொடிதான் ஐடெல்லாவுக்கு உயிர் வந்தது.

"கேட்டுச்சா பெர்சி?"

"கேட்டுச்சுக்கா."

அவர் கண்ணில் தண்ணீர். ஊசியைத் தூக்கினார். ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"நேயர்களே... இத்தனை வருஷமா இந்தப் பாட்டைப் போடுறேன், இன்னைக்குத்தான் கவனிக்கிறேன். முதல் கம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த மனுஷன் மூச்சை இழுக்கிறது கேக்குது. எப்படி உயிரைக் குடுத்து வாசிச்சிருக்காரு பாருங்க! முதல்லேருந்து மறுபடியும் போடுறேன். சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேளுங்க. தட்டு வீட்டுல வெச்சிருக்கிறவங்க, எடுத்து எங்ககூடவே நீங்களும் போடுங்க."