கதவிடுக்கில் என் பிள்ளையின் துணிகள்

கண் எரிகிறது. மூக்குக்குள் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது. பிள்ளை அழுகிறான். அழுதவன் இருமுகிறான். பிறந்து பதினொரு நாள் ஆன பிள்ளை இருமி நான் கேட்டதில்லை. அது இருமல் மாதிரியே இல்லை. பூனைக்குட்டி தும்முகிற மாதிரி இருக்கிறது.

வெளியே கஸ்தூரி அக்கா கத்துகிறார். பக்கத்து வீடு.

"காஸ் வுட்டுட்டான்! ஓடுங்க! எல்லாம் ஓடுங்க!"

செருப்புச் சத்தம். தகரக் கதவு அடிபடும் சத்தம். ஒரு குடம் உருண்டு போகிறது. அதற்கெல்லாம் மேலே பின்பக்கத்து ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு சீறல். குக்கர் விசில் நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. தினமும் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு அன்றைக்கு ஊதவில்லை. சீறல் மட்டும்தான்.

கார்த்திகை மாதம். வியாழக்கிழமை. காலை பத்தரை. போலீஸில் சொன்னேன். வக்கீலிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டி அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் லைன் வீடு. வரிசையாக ஒன்பது வீடு. லைனுக்குப் பின்னால் மதில். மதிலுக்குப் பின்னால் அவர்கள்.

என்னால் ஓட முடியாது. வயிற்றில் தையல். கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சேகர் வெளியே குழாயடியில் இருக்கிறார். பக்கெட் நிறையப் பிள்ளைத் துணியோடு போனவர். நான் கதவுக்குப் போகிறேன். தாழ்ப்பாளில் கை வைக்கிறேன்.

"தொறக்காத! நிம்மி, தொறக்காத! துணிய வை! ஈரத் துணிய வை!"

அவர் குரல். கதவுக்கு நேர் வெளியே.

அந்தத் துணி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது. தைக்கவும் கூடாது. என் அம்மா நசரத்பேட்டையில் இருக்கிறார். போனிலேயே கண்டித்துவிட்டார். "பொறக்கட்டும்டீ. அப்புறம் தெச்சிக்கலாம். இன்னா அவசரம்?" சேகருக்கு அவசரம். எஸ்டேட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். எதையும் அளந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரி நர்ஸைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை நனைக்கும். மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள். டயப்பர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும். எப்போதும் போட்டால் இடுப்பு புண்ணாகும் என்று அவரே தீர்மானம் செய்தார். இதையெல்லாம் படை திரட்டுகிறவர் மாதிரி விரல் விட்டுச் சொல்வார்.

"ஒடம்புல ஒண்ணு, பக்கெட்ல ஒண்ணு, கயித்துல ஒண்ணு, பொட்டில ஒண்ணு. இது எப்பவும் இருக்கணும். பொட்டி காலி ஆச்சுன்னா மாட்னோம்."

"இன்னா மாமா, புள்ள பொறக்குதா, ஆர்டர் வந்துகீதா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சூப்பர்வைசரிடம் கேட்டு வெட்டு மிச்சத் துணி வாங்கி வந்தார். வெள்ளைப் பனியன் துணி. சதுரம் சதுரமாக வெட்டி அட்டைப் பெட்டியில் அடுக்கினார். தைக்கவில்லை. வெட்டினால் தைத்ததாக ஆகாது என்று என் அம்மாவிடம் போனில் வாதாடினார். அம்மா போனை வைத்துவிட்டார். பிள்ளை பிறந்த மறுநாளே கஸ்தூரி அக்கா வீட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து அத்தனைக்கும் ஓரம் அடித்தார். நாற்பது துணி. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

முதல் பிரசவம். தாய் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேயே வந்தேன். சேகர் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் எனக்குக் கஞ்சி வைப்பார். பிள்ளைத் துணியை அலசுவார். எங்கள் லைனில் எந்த ஆம்பளையும் குழாயடியில் உட்கார்ந்து துணி அலசி யாரும் பார்த்ததில்லை. கடைசி வீட்டு முனுசாமி அண்ணன், வாட்ச்மேன் வேலை பார்ப்பவர், நின்று வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா மாமே, லாண்டரி எப்போ தொறந்த?"

"சிரிச்சிக்கினே போ அண்ணாத்தே. உன் லுங்கியும் குடு, சேத்து அலசுறேன்."

மழை விடவில்லை. வெயில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். நாலு நாளில் பெட்டி காலி. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். எல்லாத் துணியும் கயிற்றில். எதுவும் காயவில்லை. குனிந்துதான் நடப்போம். குனியாவிட்டால் முகத்தில் ஈரம் அடிக்கும். மாஸ்டர் கணக்கு புட்டுக்கிச்சு என்று கேலி செய்தேன். அவர் முகம் சுருங்கிப் போனது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துணியாகத் தேய்த்துக் காய வைத்தார்.

அதற்குப் பிறகுதான் வாடை.

செவ்வாய்க்கிழமை வந்தது. மூத்திர வாடை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் மூத்திர வாடை வந்தால் யாரை நினைப்பீர்கள்? காயாத துணி. ஊறுகிற பக்கெட். நாங்கள் அதைத்தான் நினைத்தோம். கஸ்தூரி அக்கா வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஊடே நாறுது நிம்மி. அந்த பக்கெட்ட தூக்கி வெளிய வை." எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட்டேன். எப்போதும் போடுவதைவிட இரண்டு மடங்கு போட்டேன். சேகர் மூன்று தண்ணீர் விட்டு அலசினார். வாடை போகவில்லை. புதன்கிழமை இன்னும் கூடியது. தரையெல்லாம் பினாயில் ஊற்றித் துடைத்தார்.

அது அம்மோனியா, ஐஸ் உறைய வைக்கிற காஸ். ஐஸ் கம்பெனிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கும் மூத்திரத்துக்கும் ஏறக்குறைய ஒரே வாடை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரு அதிகாரி வந்து விசாரித்தார். இரண்டு நாள் முன்பே வாடை வந்திருக்கிறதே, ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டார். யார் மேல் கொடுப்பது? அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த குற்றவாளி தொட்டிலில் படுத்திருந்தான். பேசத் தெரியாத பிள்ளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் சாம்பிராணி போட்டோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை காலை தாங்க முடியவில்லை. சேகர் பக்கெட்டைத் தூக்கினார். "நல்லா கும்மி அலசிட்டு வந்துர்றேன். எம் புள்ளய நாறுதுன்னு எவனும் சொல்லக்கூடாது." போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். நாய் வருகிறதென்று நான் உள்ளே தாழ் போட்டேன்.

அப்புறம் அந்தச் சீறல்.

கயிற்றிலிருந்து துணிகளை இழுக்கிறேன். குடத்தில் முக்குகிறேன். ஜன்னல் இடுக்கில் வைக்கிறேன். மேலே இருக்கிற வென்டிலேட்டர் எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். தையல் விடுகிறது. சூடாக இறங்குகிறது. அப்போது வலிக்கவில்லை. பிறகு வலித்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து. அந்தச் சந்து வழியாக வெள்ளைப் புகை தரையோடு தரையாக வருகிறது. உட்கார்ந்து துணியைத் திணிக்கிறேன்.

அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ திணிக்கிறார்கள்.

என் விரலில் ஈரம் படுகிறது. வெளியிலிருந்து வருகிற துணி. சுரண்டுகிற சத்தம். இருமல். சேகர் பக்கெட்டில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கதவுக்கு அடியில் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, உள்ள வா." நான் கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. கதவில் வாயை வைத்துச் சொன்னேன்.

"தொறந்தா உள்ள பூந்துரும். புள்ளய மூடு. மூஞ்ச மூடு."

"அப்போ நீ ஓடு. ரோட்டுக்கு ஓடு மாமா."

துணி மட்டும் வந்துகொண்டிருந்தது. சந்து அடைபட்டது. புகை நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூர மூலைக்குப் போனேன். அவன் முகத்துக்கு மேல் ஈரத்துணியைக் கூடாரம் மாதிரி பிடித்தேன். துணி காயக் காய முக்கினேன். குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. அப்போது பிள்ளை நனைத்தான். அந்தத் துணியை உருவி என் முகத்தில் கட்டிக்கொண்டேன். முகம் சுளிக்காதீர்கள். அந்த அறையில் எனக்குக் கிடைத்த கொஞ்சம் மூச்சும் அதன் வழியாகத்தான் வந்தது.

சுரண்டுகிற சத்தம் நின்றது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பெரிய சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னச் சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை.

தாழ்ப்பாளுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பிள்ளை இருமினான். திரும்பி வந்தேன். கதவைத் திறந்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சொந்தக்காரர்களே கேட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் காபியைக் குடித்துக்கொண்டு கேட்டார்கள். அவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன். ஒரு கையில் பதினொரு நாள் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

சைரன். பூட்ஸ் சத்தம். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். சீறல் குறைகிறது. விட்டு விட்டு வருகிறது. நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு காக்காய் சத்தம்கூட இல்லை.

"உள்ள யாருனா கீறீங்களா? கொழந்த சத்தம் கேக்குது! இங்க ஆள் கீது, ஓடியாங்க!"

எழுந்து போய்த் தாழை எடுத்தேன். எங்கள் கதவு உள்பக்கம் திறக்கும். துணிகள் உள்ளே சரிந்தன. துணிகளோடு சேகரும் சரிந்தார். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் போல. தலை என் காலில் விழுந்தது. கையில் இன்னும் ஒரு துணி இருந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் என் கண்ணைப் பொத்தினார். நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஆக்சிஜனில் வைத்தார்கள். மூத்திரம் போகிறானா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், போனால் நம்பிக்கை என்று நர்ஸ் சொன்னார். அன்றைக்குப் போகவில்லை. அன்று இரவும் போகவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அந்தப் பக்கம் என் புருஷனை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு துணி நனையாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள்ளாதது ஒன்றும் பாக்கி இல்லை. மறுநாள் மத்தியானம் நனைத்தான். அப்போதுதான் சேகருக்காக அழுதேன். அதுவரை அழ எனக்கு நேரம் இல்லை.

பிறகு நிவாரணம் என்று பலர் வந்தார்கள். காரில் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கைக்குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டு டயப்பர் கொண்டுவந்தார்கள், மூட்டை மூட்டையாக. கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் கஸ்தூரி அக்கா வீட்டிலும் அடுக்கியிருக்கிறது. பிள்ளைக்கு இப்போது ஆறு மாதம். நெஞ்சில் அடிக்கடி சளி கட்டுகிறது. மற்றபடி கவிழ்கிறான், சிரிக்கிறான், என் முடியைப் பிடித்து இழுக்கிறான். டயப்பர்தான் போடுகிறேன். துணி நனைந்து அந்த வாடை வந்தால் என் கால் தானாகக் கதவுக்குப் போகிறது.

மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். போனது இவ்வளவு.

மதிலோரத்துக் கொய்யா மரம். இலையெல்லாம் கருகியது, இதுவரை துளிர்க்கவில்லை. கஸ்தூரி அக்காவின் குரல். லைன் முழுக்கக் கத்தி எல்லாரையும் கிளப்பிவிட்டவர், இப்போது அவர் பேசினால் காற்று மட்டும்தான் வருகிறது. நாற்பது துணியில் பதினான்கு. கதவுக்கு வெளியே இருந்தவை. சாட்சிக்கு வேண்டும் என்று போலீஸ்காரர் பையில் கட்டி எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. முனுசாமி அண்ணன். அவர் ஓடினார். மெயின் ரோடு தெரிகிற இடத்தில் விழுந்தார். ஐஸ் கம்பெனியில் வால்வை மூடப் போன வடநாட்டுப் பையன் ஒருவன். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்ததாம்.

சேகர். வயது இருபத்தொன்பது.

அப்புறம் ஒரு பெயர். பதினாறாம் நாள் பிள்ளையின் காதில் சொல்வதற்குச் சேகர் ஒரு பெயர் வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. "இப்ப சொன்னா நீ கிண்டல் பண்ணுவ" என்றார். பண்ணியிருப்பேன். அவர் கூட்டாளிகள் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இப்போது நாங்கள் கூப்பிடுவது என் அம்மா சொன்ன பெயர். பிள்ளை அதற்குத் திரும்பிப் பார்க்கிறான்.