கத்தி முனையில் எலுமிச்சம்பழம்

அம்மன் பெயரைச் சொல்லி எடுத்த எலுமிச்சம்பழம் காலில் மிதிபடக் கூடாது. எங்கள் வீட்டில் நடைபழகும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நீங்கள் வெளியூர்க்காரர், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் தனசேகரன். செஞ்சியில் முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் பள்ளி பள்ளியாகப் போய், இடுப்பில் கத்தி வைக்காதீர்கள் என்று பேசிவந்தேன். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. கூப்பிடுகிற அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் புத்தி கிடையாது. பத்து தண்டால் எடுத்தால் நாக்குத் தள்ளுகிற பயல்கள், பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போடுகிறார்கள். பெற்றவர்கள் அதற்கு லைக் போடுகிறார்கள்.

கத்தியை ஒப்படைக்கும் முறையையும் நான்தான் கொண்டுவந்தேன். தர வருகிறவன் மேல்மலையனூர் அங்காளம்மனை நினைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கத்தி முனையில் குத்திக் கொண்டுவர வேண்டும். முனை யாரையும் கிழிக்காது. அம்மன் சாட்சி என்பதால் மறுபடி கத்தி எடுக்கவும் பயப்படுவான். அறிவுக்கு அடங்காதது சாமிக்காவது அடங்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் மூன்று கத்தி வந்தது. அதில் ஒன்று காய் நறுக்குவது.

போன ஆடியில் ஒரு ஐ.டி.ஐ.யில் பேசினேன். கத்தி எடுத்தவனுக்குக் கத்தியாலேயே சாவு என்று முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து எழிலன் எழுந்தான். பத்தொன்பது வயது. பாதித் தலைக்குச் செம்பட்டைச் சாயம்.

“சார், நம்ம செஞ்சியில அப்டி எத்தினி பேரு செத்துருக்காங்க?”

எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அப்படியே சொன்னேன். நான் பொய் சொல்வதில்லை. சிரித்தார்கள். அந்த ஐ.டி.ஐ.யின் முதல்வரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் பயல் கேட்டதில் நியாயம் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. என் பேச்சில் இல்லாத உப்பு ஒரு சாவு.

புரட்டாசியில் பஸ் ஸ்டாண்டில் அவனே என்னைத் தேடி வந்தான். கத்தியைக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் கூட்டாளிகள் பார்க்காத இடமாக இருக்க வேண்டும் என்றான். காரணம் கேட்டேன். அக்கா வளர்மதியின் குழந்தையை இடுப்பில் தூக்கியபோது, செருகியிருந்த கத்தி அதன் தொடையைக் கீறிவிட்டதாம்.

“சின்னக் கீறல்தான் சார். ஆனா அது கத்துனது இன்னும் காதுலயே இருக்குது. ரெண்டு நாளா தூக்கம் வர்ல.”

நீங்களே சொல்லுங்கள். இரண்டு வருஷமாகத் தொண்டை வறளப் பேசியவன் நான். என் பேச்சு தொடாத இடத்தைப் பல் முளைக்காத ஒன்று அழுது தொட்டிருக்கிறது. இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இனிமேல் என்னோடு பள்ளிகளுக்கு வந்து அவனே இதைச் சொல்கிறேன் என்றான். சொல்வான், பயல்கள் கைதட்டுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், மறுநாள் கத்தியைச் செருகிக்கொண்டு கிளம்புவார்கள். திருந்தியவன் கதையை யார் கேட்கிறார்கள்?

செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் படிக்கு மத்தியானம் வரச் சொன்னேன். அந்த வெயிலில் அங்கே குரங்குகூட ஏறாது. சொன்ன நேரத்துக்கு வந்தான். அதுதான் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். முனையில் பழத்தோடு கத்தியை இரண்டு கையாலும் நீட்டினான். நான் பழத்தைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டேன். கத்தி வலது கையில் இருந்தது. அவன் பெருமூச்சு விட்டு, சட்டையை இழுத்துவிட்டு, இடுப்பைத் தடவிப் பார்த்தான்.

அதிக நேரம் ஆகவில்லை. அவன் கத்தவும் இல்லை.

“சார், நாந்தான் குடுத்துட்டேனே,” என்றான். அவ்வளவுதான்.

கத்தியை உருவாமல், படியில் வழுக்கி உருண்டவன்போல் கிடத்தினேன். பழம் அப்போதும் என் கையிலேயே இருந்தது. கீழே போட்டால் ஏறுகிறவன் எவனாவது மிதிப்பான். எழிலன் சட்டைப்பையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் பெரிய அறிவாளி. இடுப்புக் கத்தியோடு விழுந்தான், அது குத்திவிட்டது என்று எழுதி மூடிவிட்டார். நான் பேசப் போன இடங்களில் அதைத்தான் சொன்னேன். போலீஸ் எழுதியதைச் சொல்வது பொய்யாகாது. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு கத்தி வந்தது, நாற்பத்தொரு எலுமிச்சம்பழத்தோடு. ஒரு பயல்கூடச் சிரிக்கவில்லை. எழிலனின் அம்மா மாரியம்மாளிடம் போய், உங்கள் மகனால் நாற்பத்தொரு பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றேன். அந்த அம்மாள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். எழிலன் உடலிலிருந்து எடுத்த பொருள்களின் பையைக் கொட்டி, ஓட்டை விழுந்த அந்தக் காய்ந்த பழத்தை இந்த மேஜையில் வைத்தீர்கள். பழம் குத்திய கத்தி கொடுக்கிற கத்தி என்று இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டது யார் என்று கேட்டீர்கள். உங்கள் இலாகாவிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். எழிலனைக் கொன்றது நான். அவன் கேட்ட கேள்விக்கு இப்போது செஞ்சியில் பதில் இருக்கிறது. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காகச் செய்ததும் இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில் நூற்றுப் பதினேழு பேர் சிரித்தார்கள். மீதி நூற்றுப் பதினாறு பேரை நான் ஒன்றும் செய்யவில்லையே.