பெரியவங்க பேப்பர்

செங்குட்டுவன்: படத்துல கீறது காக்கா இல்லம்மா! கிரேன் மேல பறக்கறது நா... நா...

கன்னியம்மா: நாரைன்னு சொல்ல வந்தாரு. நீ டீய குடி, சுஜாம்மா.

சுஜா: நாரையா? மஞ்சச் சட்டை போட்டுகிட்டா? அக்கா, ஏழு வயசுக் குழந்தையாலதான் இப்படி வரைய முடியும். துறைமுகத்து கிரேனுக்குக் கொலுசு! எங்க புரொபசர் ரெண்டு நாளா இதையே பாத்துகிட்டு இருக்காரு.

செங்குட்டுவன்: மெய்யாலுமா? கொலுசு புட்ச்சிருந்துதா அவருக்கு?

கன்னியம்மா: யோவ், கம்முனு இரு.

சுஜா: நாப்பது வீட்ல குடுத்தேன். குழந்தைக்குக் கலர்க் குச்சியோட ஒரு பேப்பர், பெரியவங்களுக்குப் பென்சிலோட ஒரு பேப்பர். 'என்னோட ஒரு நாள்'னு தலைப்பு. உங்க வீட்டு ரெண்டு படம்தான் என் ஆராய்ச்சிக்கே உசுரு. வெள்ளிக்கிழமை உங்க பொண்ணு மதியைக் காலேஜுக்கு அனுப்புங்க. சார் முன்னாடி இன்னொரு கிரேன் வரையட்டும். அப்பதான் நம்புவாரு. இல்லேன்னா என் பட்டம் அம்போ.

கன்னியம்மா: வெள்ளிக்கெயமயா? அவளுக்கு... ஜொரம் வரும்.

சுஜா: வருமா?

செங்குட்டுவன்: வந்துகினே கீது.

சுஜா: அதோ, வாசல்ல பாண்டி ஆடிகிட்டு இருக்கா!

கன்னியம்மா: ஜொரத்துலதான் ஆடுறா. அத்த வுடு... போன மாசம் டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்கோ வந்து அவள எட மெஷின்ல நிக்க வெச்சாங்கோ. அப்பால ஒருத்தரு, கொயந்த வேலைக்குப் போவுதான்னாரு. நீ படம் வரையச் சொல்ற. ஒரு கொயந்தைய ஆளுக்கொரு பக்கம் இஸ்துகினு இன்னாதான் தேடுறீங்கோ?

சுஜா: அவங்க உடம்பைப் பாக்கறாங்க, வேலையைப் பத்திக் கேட்டவரு ஊரைப் பாக்கறாரு, நாங்க மனசைப் பாக்கறோம். சரித்திரம் படிக்கிறவங்கள கேட்டா, குழந்தைப் பருவம்கறதே எல்லாக் காலத்துலயும் ஒரே மாதிரி இருந்ததில்லைம்பாங்க.

செங்குட்டுவன்: அது கரீட்டு. எனக்கு இல்லவே இல்ல. ஏழு வயசுல ரயிலு ரோட்டோரம் கரி பொறுக்கிகினு இருந்தேன்.

கன்னியம்மா: அதான் இப்ப...

சுஜா: இப்ப என்னக்கா? ...அண்ணா, உங்க காதுல என்ன சொருகி இருக்கு?

செங்குட்டுவன்: பீடி.

சுஜா: ஊதாக் கலர்லயா?

கன்னியம்மா: தோ, மாட்டிகிச்சு! சொல்லித் தொலைய்யா!

செங்குட்டுவன்: நாந்தாம்மா வரஞ்சேன்! நாப்பத்தோரு வயசுல மொத தபா கலரு கைல வந்துது. திருப்பிக் குடுக்க மன்சு வர்ல. அந்தப் பறவ... நாந்தான்.

சுஜா: ஐயோ அண்ணா... கொலுசும் நீங்கதானா?

செங்குட்டுவன்: மாலையும் போட்டிருப்பேன். செவப்பு தீந்துபூட்ச்சி.

கன்னியம்மா: தீந்துச்சா? தின்ன மாரி தேச்சாரும்மா!

சுஜா: சிரிக்க வைக்காதீங்கக்கா, வயிறு வலிக்குது... என் ஆராய்ச்சி போச்சே! சரி, பாதியாவது மிச்சம். பென்சில் பேப்பர் இருக்கு. வரிசையில அஞ்சு குடம். டப்பாவுல அரிசி எதுவரைக்கும் இருக்குன்னு ஒரு கோடு. படுத்திருக்கிறவர் முதுகுக்குத் தைலம். 'குழந்தைக்கு இந்தக் கவலை தெரியாது'ன்னு சாரே பக்கத்துல எழுதியிருக்காரு. அதையாவது நீங்கதானே வரைஞ்சீங்க... அக்கா? ஏன் ரெண்டு பேரும் வாசலையே பாக்கறீங்க?

கன்னியம்மா: அன்னிக்கு தண்ணி லாரி வந்துட்ச்சும்மா, நா கொடத்த தூக்கினு ஓட சொல்லோ மதிதான் பென்சில எடுத்துகிச்சு... 'நைனா வெளாடிகினு இருக்கட்டும்மா, பெரியவங்க பேப்பர நா முட்ச்சிடறேன்'னுச்சு.