யாக்கோபு நெஞ்சில் இருக்கும் ஸ்பிரிங்

ரோஸியம்மா போடும் கருப்பட்டிக் காப்பிக்காகவே பந்தல்குடியில் காரை நிறுத்துவேன். சுக்கு அளவாக இருக்கும். அவர் கணவர் யாக்கோபு, ரோட்டோரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிவந்தவர்.

நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததில் உங்களுக்குச் சந்தேகம், இன்ஸ்பெக்டர். நியாயம்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றேழில் யாக்கோபுக்கு மாரடைப்பு வந்தபோது, மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்டென்ட் வைத்தது நான்தான். அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கிற சின்னக் கம்பிவலை அது. அவருக்கு வைத்தது நானே தயாரித்தது. கம்பிமேல் மெல்லிய பாலிமர் பூச்சு, பூச்சுக்குள் மருந்து. அந்த இடத்தில் மட்டும் மருந்து மெல்லக் கசியும். பன்றிகளுக்கு வைத்துப் பார்த்திருந்தேன், பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. யாக்கோபிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நெஞ்சுவலிக்காரரைப் பயமுறுத்தக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால் மாத்திரையும் சாப்பிட்டால், வேலை செய்தது என் பூச்சா, மாத்திரையா என்று எப்படித் தெரியும்? அதனால் அவருக்கு மட்டும் மருந்தே இல்லாத, வெறும் சர்க்கரையில் செய்த மாத்திரை கொடுத்தேன். இலவசமாகத்தான்.

பக்கத்து மளிகைக்கடை தங்கசாமிக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தேன், சாதாரணமானது. ஒருநாள் காப்பியை நீட்டிக்கொண்டே ரோஸியம்மா கேட்டார்.

"டாக்டரய்யா, அண்ணாச்சி மாத்திரை கசக்குதாம். இவுக மாத்திரை மட்டும் இனிக்குதே?"

"இவருக்கு வச்ச ஸ்பிரிங்குலயே மருந்து இருக்கும்மா."

"அப்ப மாத்திரை எதுக்கு?"

கெட்டிக்காரப் பெண்மணி. நான் காப்பி ஆறுமுன் குடித்து முடித்தேன்.

தங்கசாமியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டில் எரிப்பார்கள். சாம்பலில் கம்பி கிடைக்கும், பூச்சு கிடைக்காது. யாக்கோபு வீட்டில் அடக்கம் செய்வார்கள். வைப்பதற்கு முன் அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, எந்தச் சபை என்பதுதான். சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டு வருடம் தெம்பாகத்தான் இருந்தார். போன மாதம் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பணிவாகத்தான் கேட்டேன். ரோஸியம்மா பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"இவுக முழுசாத்தான் மண்ணுக்குள்ள போகணும். கத்தி பட விடமாட்டேன். மாலைய எடுத்துக்கிட்டுப் போங்க."

அவருக்கு என்மேல் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் புகார் கொடுக்க மாட்டார். கொடுத்தால் கல்லறையைத் தோண்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால்தான் நான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், யாக்கோபைக் கொன்றது நான்தான். தெரிந்தேதான் மாத்திரையை மாற்றினேன். இனி தாசில்தார் முன்னிலையில் தோண்டியாக வேண்டும், அந்தம்மா குறுக்கே நிற்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்பே தோண்டிவிடுங்கள். இப்போது மண் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்ததும் ஸ்டென்ட்டைக் கழுவிவிடாதீர்கள். பூச்சில் குறை இருக்காது. யாக்கோபு உடம்பில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும்.